தாட்சண்யமும் மூன்றாண்டுக் கெடுவும்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், பாக்கிக்காக 2 ஆண்டுகளுக்கு முன் புரோநோட்டு எழுதிக் கொடுத்தும் பணம் தரவில்லை. கேட்கக் கூசுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தாட்சண்யம் உத்தம குணமே, ஆயினும், கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டின் ஆயுள், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகளே என்பதையும், அதற்குப்பின் நியாயம் தங்கள் பக்கமிருந்தும் வழக்கு நிற்பது அரிது என்பதையும் தாங்கள் மறத்தலாகாது. அவரிடம் சினமின்றிப் பேசி, இயன்ற சிறு தொகையையேனும் பெற்று, நோட்டின் பின்புறத்தில் தொகையையும் தேதியையும் அவர் கையாலேயே வரவு எழுதிக் கையொப்பமிடச் செய்வீர்களாயின், அன்றுதொட்டு மீண்டும் 3 ஆண்டுகள் கிட்டும். வாய்வார்த்தையாகத் 'தருகிறேன்' என்றால் போதாது; இந்த ஒரு வரியை வாங்காமலே முதலை இழந்த வியாபாரிகள் அநேகர். கெடு முடியுமுன் அவசியம் சென்று பாருங்கள்.