ஒத்தை அடியில் மோளம் இல்லை

அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிட நடை. கும்மிடிப்பூண்டி லோக்கல் போனாலே மாடி அறையில் இருக்கும் மைக் அதைப் பிடித்துவிடும். சரக்கு ரயில் போனால் தரை அதிர்வும் சேர்ந்து பதிவாகும். அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு வருடமாக ஒரு பறையைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீபோர்டையோ பேடையோ தட்டினால், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கலைஞர் அடித்த அடி ஒலிக்கும். வரும் பொங்கலுக்கு வெளியிடப் போகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் பதிவை ஐப்பசியில் வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியிருக்கும், காற்றில் ஈரம் கனத்திருக்கும். பறை என்பது வேப்பங்கட்டை வளையத்தில் இழுத்து ஒட்டிய ஒற்றைத் தோல். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் விறைத்துக் குரல் எழும்பும். அன்று காய்ச்சிய கொஞ்ச நேரத்திலேயே சத்தம் இறங்கிவிட்டது. நான் கவனிக்காமல் பதிவு செய்துகொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கேட்டால், மெதுவான அடியெல்லாம் உயர்ந்த சுருதியில், பலமான அடியெல்லாம் தாழ்ந்த சுருதியில். ஒரு நாள் வேலை முழுவதும் வீண்.

இரண்டாவது முறை பங்குனியில் போனேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நடுத்தோலில் ஒரே பலத்தில் ஓர் அடி அடிக்கச் சொல்லித் தனியாகப் பதிந்து வைத்தேன். முதல் அடியோடு அதை ஒப்பிட்டு, இறங்கியிருந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பக் காய்ச்சினோம். பிறகு ஒரு யோசனை வந்தது. சாவு ஊர்வலத்தில் வழிநெடுக அடித்துக்கொண்டே போகும்போது மோளம் இறங்கத்தானே செய்யும்? அந்தக் குரலும் நம் காதுக்குப் பழகியதுதான். அதனால் காய்ச்சிய குரலையும் இறங்கிய குரலையும் தனித்தனித் தொகுப்பாகப் பதிந்தேன். வாசிப்பவர் ஒரு திருகைத் திருப்பி இரண்டுக்கும் இடையே போகலாம். இந்த வாத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இனி, எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. கணினி வாத்தியம் செய்பவர்கள் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்: நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று, அடங்கும்வரை பொறுத்து அடுத்தது. பறை அடிக்கும் அண்ணன் அரைமணி நேரம் பொறுமையாக அடித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

“தம்பி, இப்படி ஒத்தை ஒத்தையா யாருப்பா அடிப்பாங்க? கை ஓட்டத்துல வர்ற அடி வேற.”

அவர் சொன்னதன் முழுப் பொருள் வீட்டில் எடிட் செய்தபோதுதான் புரிந்தது. இடது கையில் மெல்லிய நீண்ட மூங்கில் குச்சி, வலது கையில் தடித்த குட்டைக் குச்சி. மூங்கில் குச்சி தோலை விட்டு எழுவதற்குள் தடித்த குச்சி விழுகிறது. முந்தின அடியில் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் தோலில் அடுத்த அடி விழும்போது வரும் சத்தம், சும்மா இருக்கும் தோலில் வருவதில்லை. அடுத்த முறை அவரைத் தன் போக்கில் அடிக்கவிட்டு, அந்த ஓட்டத்திலிருந்து அடிகளை வெட்டி எடுத்தேன். வேலை மூன்று மடங்கானது. ஆனால் அதன் பிறகுதான் கணினியில் வாசிக்கும்போது கால் தன்னால் தாளம் போட்டது.

ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். அதனால் நான்கு வகை அடி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பலம், ஒவ்வொரு பலத்துக்கும் எட்டுப் பதிவு என்று ஒரு தொகுப்புக்கு 192 அடிகள் எடுத்தேன். மைக் மூன்று: தோலுக்கு முன்னால் ஒன்று, திறந்திருக்கும் பின்பக்கம் ஒன்று, நான்கு மீட்டர் தள்ளி ஒன்று. ஆக ஒரு தொகுப்புக்கு 576 கோப்புகள். 1980இல் ராஜர் லின் செய்த எல்எம்-1 தான் உண்மையான டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்து வந்த முதல் டிரம் மெஷின். நினைவகத்தின் விலை காரணமாக அதில் கிராஷ் சிம்பலுக்கே இடம் இருக்கவில்லை. இன்று ஒரு சாதாரண பென்டிரைவ் போதும். மனம்தான் வேண்டும்.

பறையின் அடி சட்டென்று எகிறும். பதிவு அளவை மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உடைந்துபோன சத்தத்தைச் சரிசெய்ய முடியாது. ஏரிக்கரையில் காற்றைத் தடுக்க மைக்குக்கு முடிக்கவசம் அவசியம். படகுகள் கிளம்பும் அதிகாலையும் திரும்பும் நேரமும் மோட்டார் சத்தம்தான். இடைப்பட்ட மணிகளே நமக்கு. எடிட் செய்யும்போது அடியின் தொடக்கத்தை ஒட்ட நறுக்காதீர்கள். குச்சி தோலைத் தொடும் அந்த நொடியில்தான் பறையின் அடையாளம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கோப்பிலும் அந்தத் தொடக்கம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளம் தள்ளாடும்.

நம் ஊர் கச்சேரி மேடைகளில் ஆக்டோபேட் வாசிப்பவர்கள் நிறைய. அவர்களை எண்ணி எட்டுப் பேடுக்குள் அடங்கும்படி அடிகளை அமைத்தேன். கான்டாக்ட் மென்பொருளில் செய்யவே முதலில் திட்டமிட்டேன். அதன் இலவசப் பிளேயரில் உரிமம் பெறாத தொகுப்பு கொஞ்ச நேரமே ஓடும் என்பதால், இலவசமாகக் கிடைக்கும் டிசென்ட் சாம்ப்ளருக்கு மாறினேன். மென்பொருளுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளும் வாசிக்க வேண்டும்.

கூலி விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். நான் விலை கொடுத்து வாங்கிய தொகுப்புகளில் தோல் வாத்தியங்கள் இருந்தன, அடித்தவர் பெயர் எங்கும் இல்லை. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறை அடிப்பவருக்குப் பெயர் உண்டு என்று நாடே ஒப்புக்கொண்ட பிறகு நாம் மறைப்பது அநியாயம். அண்ணனுக்குப் பதிவு நாள்களுக்கான சம்பளம் போக, விற்பனையில் பாதியைத் தமிழில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாத்தியத்தைத் திறந்ததும் திரையில் முதலில் தெரிவது அவர் பெயர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அண்ணன் தன் மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார், இரண்டு இடங்களில் திருத்தினார். இரண்டும் நியாயமான திருத்தங்கள்.

இசையமைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெட்டுக்குத் தாளம் தேடும்போது இதை வாசியுங்கள், இயக்குநருக்குப் போட்டுக் காட்டுங்கள். பாட்டு உறுதியானதும் இறுதிப் பதிவுக்குக் கலைஞரைக் கூப்பிடுங்கள். அண்ணனின் போன் நம்பரைக் கேட்டால் அவர் சம்மதத்தோடு தருகிறேன். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான்.