ராத்திரி வந்தது எந்தக் காற்று?

கேள்வி: கோடை இடிமழையோடு நடுராத்திரி அடித்த காற்றில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறார்கள். வந்தது டொர்னாடோவா?
- வாசகி, ஆர்.கே.பேட்டை

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. விழுந்த மரங்களைப் பாருங்கள். ஒரே பக்கமாகவோ, நடுவிலிருந்து விசிறிபோல வெளிநோக்கியோ சாய்ந்திருந்தால், இடிமேகத்திலிருந்து தரைக்குப் பாய்ந்த காற்று. குறுகிய பாதையில் தாறுமாறாகக் குவிந்து கிடந்தால்தான் டொர்னாடோ என்ற சுழற்காற்றைச் சந்தேகிக்கலாம். இந்த வித்தியாசத்தை 1970களில் விமானத்தில் பறந்து பார்த்துச் சொன்னவர், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபுஜிதா. ஆனாலும் பாய்காற்றை அலட்சியம் செய்யாதீர்கள். கூரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் நாட்டில் டொர்னாடோ அதிகம் தலைகாட்டுவது வங்காளம், ஒடிசா பக்கம். 2024 மார்ச் 31 அன்று வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் சில நிமிடங்களில் உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. அது பட்டப்பகல். ராத்திரியில் வந்தால் மின்னல் வெளிச்சத்தில்தான் தெரியும்.

அடுத்த முறை இடி நெருங்கினால், ஷீட் கூரைக்கடியில் படுக்காமல், எல்லோரும் ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போய்விடுங்கள். தறிக்கொட்டகை இருந்தால், அதன் ஷீட்டின் கொக்கிகளை இப்போதே முடுக்கச் சொல்லுங்கள். காற்று ஓய்ந்ததும் டார்ச்சோடு வெளியே ஓட வேண்டாம், கரண்ட் கம்பி அறுந்து கிடக்கும்.