வகுப்பறைக் காற்றும் பெற்றோர் கேட்ட கேள்வியும்

2020-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அப்போது நாம் கீழ் வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் கைப்பேசியில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே பொருத்தம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படித்த அக்காமாரின் பெற்றோரிடம், நவம்பர் 16 அன்று பள்ளியைத் திறக்கலாமா என்று அரசு கருத்துக் கேட்டது. கருத்துகள் பிளவுபட்டன, திறப்பும் கைவிடப்பட்டது. 2021 ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை படித்த சிறியவர்கள் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். 2020 மார்ச்சிலிருந்து எண்ணினால் பத்தொன்பது மாதங்களுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் வாய்ப்பாட்டை மறந்தவர்கள் நம்மிலேயே உண்டு. பள்ளியையே மறந்து வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் நாட்டில் உண்டு.

அந்தக் கூட்டங்களில் முன்வைக்கப்பட்ட கேள்வி, திறக்கலாமா வேண்டாமா என்பது. அதே காலத்தில் வேறு சில நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், பெற்றோர் சிலர் இன்னொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளி திறக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே போகும் பிள்ளை என்ன காற்றைச் சுவாசிக்கப் போகிறது? இந்தக் கேள்வியின் வரலாற்றையும் அதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தையும் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிப்பது பெரும்பாலும் அவ்வூர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். அதன் கூட்டம் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். பேச விரும்பும் பெற்றோர் பெயர் கொடுத்துவிட்டுத் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். அந்த நேரத்திற்குள் அழவும் செய்யலாம், கோபப்படவும் செய்யலாம். 2021-இல் இரண்டுமே ஏராளமாக நடந்தன. கூச்சலில் கூட்டங்கள் பாதியில் கலைந்ததும் உண்டு.

தொற்றின் தொடக்கத்தில் எல்லாரும் கேட்டது கை கழுவும் சோப்பும், மேசை துடைக்கும் மருந்தும், ஆறடி இடைவெளியும்தான். ஏனெனில் உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 28 அன்று, இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று அறிவித்திருந்தது. இருமும்போது தெறிக்கும் துளிகள் கனமானவை, ஓரிரு மீட்டரில் விழுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்த அறிவிப்பிற்கு முன்பே, மார்ச் 10 அன்று, வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியிருந்தது. வந்தவர்கள் 61 பேர். பாடியது இரண்டரை மணி நேரம். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. சில நாட்களில் 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் 33 பேருக்குச் சோதனையில் உறுதியாயிற்று. இருவர் இறந்தனர். அத்தனை பேர் மீதும் ஒருவரின் துளிகள் தெறித்திருக்க முடியாது. அடுப்படியில் மிளகாய் வற்றலைத் தாளித்தால் கூடத்தில் இருப்பவர் தும்முகிறார் அல்லவா? எண்ணெய்த் துளி அவர்மேல் படவில்லை. நெடி காற்றோடு போயிற்று. மூச்சிலிருந்து வரும் நுண்துளிகளும் அப்படியே மணிக்கணக்காக மிதக்கும்.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகளின் ஆதரவோடு இதை வற்புறுத்தும் திறந்த கடிதம் ஒன்று வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள மேலும் பல மாதங்கள் ஆயின. அந்நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக அப்போது இருந்தவர் சென்னையில் பிறந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன். 2022 நவம்பரில் பதவி விலகும் வேளையில், காற்றுவழிப் பரவலை முன்னரே ஏற்றிருக்க வேண்டும் என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். உயர்ந்த பதவியில் இருந்தவர் இப்படிச் சொல்வது அரிது. நம் பரீட்சைத் தாளில் ஒரு மதிப்பெண் பிழைக்கே நாம் எத்தனை காரணம் தேடுகிறோம்!

காற்றுதான் வழி என்றானபின் பெற்றோரின் கோரிக்கையும் மாறியது. கை கழுவுவது பிள்ளையின் கையில் இருக்கிறது. முகக்கவசத்தையும் பிள்ளையே போட்டுக்கொள்ளலாம். காற்று அப்படியன்று, அறையிலுள்ள எல்லாருக்கும் அது பொது. ஆறு வயதுக் குழந்தை தனக்கென்று தனிக் காற்றை டிபன் பாக்ஸில் கொண்டுபோக முடியாது. அதைச் சீர்செய்ய வேண்டியவர்கள் கட்டடத்தின் பொறுப்பில் உள்ள பெரியவர்கள்.

சரி, கண்ணுக்குத் தெரியாத காற்று நல்லதா கெட்டதா என்று மூன்று நிமிடத்தில் எப்படி எடுத்துக்காட்டுவது? இங்கே உதவிக்கு வந்தது நம் பாடப் புத்தகத்தில் உள்ள கரியமில வாயுதான். வெளிக்காற்றில் அது பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 420 பங்கு. நாம் விடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு. ஆகவே ஓர் அறையில் அந்த அளவு ஏறினால், அங்குள்ளோர் விட்ட மூச்சு வெளியேறாமல் தேங்குகிறது என்று பொருள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறையில் அளவு 2,000 என்றால், 2,000-இல் 420-ஐக் கழிக்க வருவது 1,580. அதை 40,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு. அதாவது நாம் இழுக்கும் இருபத்தைந்து மூச்சுகளில் ஒன்று, ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு! அளவு 800 என்றால் நூறில் ஒன்று. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 800-ஐயே நல்ல காற்றோட்டத்திற்கு அடையாளமாகக் கூறியிருந்தது.

இதை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். 2021 இலையுதிர் காலத்தில் சில அமெரிக்கப் பெற்றோர் அதைப் பிள்ளைகளின் புத்தகப் பையில் வைத்தே அனுப்பினார்கள். சில பள்ளிகள் அந்த எண்களைப் பார்த்துச் சன்னலைத் திறந்தன. சில பள்ளிகள் சினந்துகொண்டன. ஆசிரியருக்குத் தெரியாமல் ஒளித்து அனுப்பியது முறையா என்பதில் நமக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது எம் எண்ணம். ஆனால் கேட்டும் பதில் கிடைக்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். இங்கிலாந்தில் அரசாங்கமே 2021 ஆகஸ்டில், பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கருவிகள் வழங்குவதாக அறிவித்தது.

அளந்தால் மட்டும் காற்று சுத்தமாகிவிடுமா? குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சன்னலைத் திறந்துவைப்பது எளிதன்று. விலையுயர்ந்த சுத்திகரிப்புக் கருவிக்குப் பணம் இல்லை என்றார்கள். அப்போது ரிச்சர்டு கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரின் யோசனையை, ஜிம் ரோசந்தால் என்ற வடிகட்டித் தொழிலதிபர் 2020 ஆகஸ்டில் செய்து காட்டினார். கட்டட ஏசிக்குப் போடும் சதுர வடிகட்டிகள் நான்கை நான்கு சுவர்போல் நிறுத்தி, அடியில் அட்டையை ஒட்டி, மேலே சதுரப் பெட்டி மின்விசிறி ஒன்றைப் படுக்கவைத்து ஒட்டுநாடாவால் இறுக்கிவிட வேண்டும். விசிறி அறைக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளிழுத்து மேல்நோக்கி விடும். ஒரு தடவையில் எல்லா நுண்துளியும் சிக்குவதில்லை; ஆயினும் காற்று திரும்பத் திரும்ப அதன் வழியே போவதால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். ஆகும் செலவு நூறு டாலருக்குள். பெற்றோரும் ஆசிரியரும் சனிக்கிழமைகளில் கூடி இவற்றைச் செய்தார்கள். மாணவ மாணவியரும் கத்தரிக்கோல் பிடித்தார்கள். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: இப்பெட்டி கிருமியைப் பிடிக்குமே தவிரக் கரியமில வாயுவைப் பிடிக்காது. ஆகவே கருவியில் எண் குறையவில்லையே என்று பெட்டியைக் குறைகூறுவது பிழை.

பயன் இருந்ததா என்றால், இருந்தது என்றே தெரிகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 169 தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். காற்றோட்டத்தைச் சீர்செய்த பள்ளிகளில் நோய் 39 சதவீதம் குறைவு. சன்னல், கதவு, விசிறி மட்டும் பயன்படுத்தியவற்றில் 35 சதவீதம் குறைவு; அவற்றோடு வடிகட்டியும் வைத்தவற்றில் 48 சதவீதம் குறைவு. ஒப்பீடு என்பதால் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். என்றாலும், சன்னலைத் திறக்க யாருக்கும் செலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முகக்கவச விஷயம் இவ்வளவு சுமுகமாக இல்லை. குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, ஆசிரியையின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காது கேளாத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்ட பெற்றோரும் இருந்தார்கள். பின்னது நியாயமான கேள்வியே. மறுபக்கம், ஐயோவா மாநிலம் 2021 மே மாதம், பள்ளிகள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. உடற்குறையோ கடுமையான நோயோ உடைய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அதை எதிர்த்து வழக்காடினர். நல்ல நுரையீரல் உள்ள பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போவது, எம் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. வகுப்பில் மற்றவர்கள் கவசம் அணியாவிட்டால் எம் பிள்ளை பள்ளிக்கே வர முடியாது. அது உடற்குறை உடையோருக்கான சட்டத்திற்கு முரண் என்பதே அவர்கள் வாதம். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் தடைச் சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 2022 ஜனவரியில் மேல் நீதிமன்றம், அந்தப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும் அது பொருந்தட்டும் என்று சுருக்கியது. அதற்குள் சிறுவர்களுக்கும் தடுப்பூசி வந்துவிட்டது. நிலைமை மாறிவிட்டதென்று மே மாதம் அந்த ஆணையும் நீக்கப்பட்டது. அப்பெற்றோர் வென்றார்களா தோற்றார்களா என்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. ஆனால் நோய் மிகுந்திருந்த மாதங்கள் சிலவற்றில் அவர்கள் பிள்ளைகள் வகுப்பில் உட்கார வழி பிறந்தது.

இவையெல்லாம் முற்றிலும் புதியவை அல்ல. காசநோய் வாட்டிய 1908-ஆம் ஆண்டில், ராட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், எலன் ஸ்டோன், மேரி பேக்கார்டு என்ற இரு பெண் மருத்துவர்களின் முயற்சியால் திறந்தவெளிப் பள்ளி ஒன்று தோன்றியது. பெரிய சன்னல்களை எந்நேரமும் திறந்துவைத்து, உறைபனிக் காலத்திலும் பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள்.

நமக்கு அந்தக் கம்பளிப் பை தேவையில்லை. நம் பழைய கட்டடத்தில் எதிரெதிர்ச் சன்னல்களும் மேலே காற்றுப்போக்கிகளும் இருக்கின்றன. கட்டியவர்கள் விவரமறிந்தவர்கள். ஆனால் தலைக்குமேல் சுழலும் மின்விசிறி உள்ளிருக்கும் காற்றைத்தான் கலக்குகிறது. புதுக்காற்றைக் கொண்டுவருவது சன்னல். சாதாரண ஏசியும் அப்படியே. அது அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. மழைநாளில் சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தால் காற்று வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம் கணினி அறை எமக்கு உறுத்தியது. ஏசி பொருத்திய நாளில் அங்குள்ள சன்னல்களை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு மாணவியின் தாயார் எழுந்து, ஒரு பாடவேளைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடமாவது அவற்றைத் திறக்க முடியுமா என்று கேட்டார். தலைமையாசிரியை சிஸ்டர் மறுவாரமே தச்சரை வரவழைத்தார். நான்கு சன்னல்களில் இரண்டு இப்போது திறக்கின்றன. மற்ற இரண்டின் கீல் துருப்பிடித்திருப்பதால் கோடை விடுமுறையில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.