பழைய கணிப்பொறியைப் புதுப்பித்தல்: கோப்புகளைக் காக்கும் முறை

மண் குதிரில் விரிசல் கண்டால், குடியானவர் முதலில் அதிலுள்ள விதைத் தானியத்தை வேறிடத்தில் பத்திரப்படுத்துகிறார். பிறகே குதிரில் கை வைக்கிறார். இந்த ஒழுங்கை அவருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், வீட்டுக் கணிப்பொறி வேகம் குன்றினால், அதிலுள்ள பல ஆண்டுக் கணக்குகளைப் பற்றிச் சிந்தியாமல் அதே குடியானவர் அதனை அப்படியே கடைக்கு எடுத்துச் செல்வதைக் காண்கிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் கணிப்பொறி இன்று புதுமைப் பொருளன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. அவ்வாறு பெற்றவர்களில் சிலர் இன்று தாமே பண்ணை நடத்துகின்றனர். கோழித் தீவனக் கணக்கு, மரவள்ளி விற்பனைச் சீட்டு, பட்டா நகல், குடும்பப் புகைப்படம் ஆகிய யாவும் அப்பொறியிலேயே சேர்ந்திருக்கின்றன. அதனைச் சிறு செலவில் புதுப்பித்து மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துதல் சிக்கனமே. ஆனால் வேலையின் வரிசை பிறழ்ந்தால் நேரும் நட்டம் பெரிது.

நாம் அறிந்த கோழிப் பண்ணையாளர் ஒருவர், தம் பொறியில் புதிய தட்டு பொருத்தச் சொல்லிக் கடையில் விட்டுவந்தார். பொறி விரைவாக இயங்கிற்று; ஆனால் முகப்புத் திரையில் அவர் வைத்திருந்த நான்கு ஆண்டுக் கணக்கு இல்லை. பழைய தட்டைக் கேட்டபோது, அது அழிக்கப்பட்டு வேறு பொறிக்குச் சென்றுவிட்டதாக விடை வந்தது. "கோழி இருக்கிறது, கூண்டு இருக்கிறது, ஐயா, எந்தத் தீவனத்துக்கு எத்தனை முட்டை வந்தது என்ற கணக்குத்தான் இல்லை" என்றார் அவர். வங்கிக் கடனைப் புதுப்பிக்கவும் அக்கணக்கே அவருக்குத் தேவையாயிருந்தது. இந்நிலை பிறருக்கு வராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

கோப்புகள் எங்கே உள்ளன?

கணிப்பொறியில் நினைவகம் இருவகைப்படும். ராம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் மேசை போன்றது. மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டே கோப்புகள் நிலையாகத் தங்கும் பெட்டகம். ஆகவே ராமை மாற்றுவதால் கோப்புகளுக்குக் கேடில்லை. வன்தட்டை மாற்றும்போதும், பொறியை 'ஃபார்மட்' செய்யும்போதுமே ஆபத்து உண்டு.

மற்றொன்றும் அறியத்தக்கது. டெஸ்க்டாப் என்னும் முகப்புத் திரையில் வைத்த கோப்புகள் வழக்கமாக 'சி' பகுதியிலேயே உள்ளன. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது முதலில் அழிக்கப்படுவது அப்பகுதியே. 'டி' பகுதியில் பிரதி வைத்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இரண்டும் ஒரே தட்டில் அமைந்திருப்பின், தட்டு கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்.

முதற்பணி: பிரதி எடுத்தல்

முகப்புத் திரை, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், புகைப்படக் கோப்புறை ஆகியவற்றை முதலில் பார்வையிட்டுப் பட்டியல் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் ஒரு பிரதியை வெளி வன்தட்டிலும், மற்றொன்றைப் பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ எடுத்தல் நலம். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, உறவினரிடம் இருப்பினும் தகும். டாலி போன்ற கணக்கு நிரல்களில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி அந்நிரலிலேயே உண்டு. அதனையும் பயன்படுத்த வேண்டும்.

பிரதி எடுத்தாயிற்று என்று நின்றுவிடலாகாது. அதனை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் அவசியம். முளைப்புத் திறன் பார்க்காத விதையை நம்பி விதைப்பாருண்டோ?

எழுத்துருவும் திறவுகோலும்

அரசு அலுவலகங்களிலும் பஞ்சாயத்துகளிலும் நெடுங்காலம் வானவில் எழுத்துருவில் கடிதங்கள் தட்டச்சிடப்பட்டன. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னும் பழைய கோப்புகள் பல அவ்வாறே உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் அவற்றைத் திறந்தால், தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பு அழிந்துவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும். ஆதலால் எழுத்துருக்களையும் பிரதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறே நிரல்களின் உரிமக் குறியீடுகளையும், கடவுச்சொற்களையும் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தல் வேண்டும். சில புதிய பொறிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்குகிறது. தாய்ப்பலகையை மாற்றினால் அது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதனை முன்னரே குறித்து வைக்காதவர் தம் கோப்புகளைத் தாமே திறக்க இயலாது.

உறுப்புகளை மாற்றுதல்

முதலில் பொறியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, மடிக்கணினியாயின் மின்கலத்தையும் துண்டித்தல் வேண்டும். உடலிலுள்ள நிலைமின்சாரம் உறுப்புகளைக் கெடுக்கக்கூடும்; ஆதலால் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்ட பின்னரே உறுப்புகளைத் தொட வேண்டும்.

ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுசெல்லுதல் நல்ல வழி. 32 பிட் விண்டோஸ் 7 உள்ள பொறியில் 4 ஜி.பி.க்கு மேல் ராம் போடுவது வீண் செலவாகும்.

பழைய வன்தட்டில் சுழலும் தகடும் அசையும் கையும் உள்ளன; எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. ஆகவே அதனைப் பொருத்தினால் வேகம் நன்கு கூடும். பழைய தட்டில் உள்ள அனைத்தையும் புதியதற்கு அப்படியே மாற்றும் முறையைக் கடைக்காரர் குளோனிங் என்பர். இதில் எது மூலம், எது புதியது என்பதை இருமுறை சரிபார்த்தல் வேண்டும்; திசை மாறினால், வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டு யாவும் அழியும். இடையில் மின்சாரம் தடைப்படாதிருக்க யு.பி.எஸ். இணைப்பு வேண்டும்.

பழைய தட்டை உடனே விற்கலாகாது. கேட்டு வாங்கி, குறைந்தது ஒரு மாதம் எதுவும் எழுதாமல் வைத்திருங்கள். விடுபட்ட கோப்பு ஏதேனும் நினைவுக்கு வந்தால் அதிலிருந்து எடுக்கலாம். தவறுதலாகக் கோப்பு அழிந்துவிட்டால், அத்தட்டில் வேறெதையும் பதியாமல் பொறியை நிறுத்திவிட்டு, அறிந்தவரை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 போன்ற வசதிகள் தேவையாதலால், பழைய பொறிகள் பல அதனை ஏற்கா. அவற்றில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் அமைப்பை நிறுவலாம். எதனை நிறுவினாலும் பிரதி எடுப்பதே முதற்படி.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். அலுவலகக் கணிப்பொறியைப் பழுதுக்கு அனுப்புமுன், "பிரதி எடுத்தாயிற்றா? அதனைத் திறந்து பார்த்தாயிற்றா?" என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள். பொறியைக் காசு கொடுத்து மீண்டும் வாங்கலாம். ஊரின் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.