சாக்லேட்டுக்குள் இருக்கும் பெண்கள் உழைப்பு



வெளிநாட்டு அரசுகள் ஏழை நாடுகளுக்கு உதவுவதைப் பயிற்சிகளில் கேள்விப்பட்டிருக்கிறோம். அரிசி, மருந்து கொடுப்பது ஒரு வகை. "நீங்க செய்யுற பொருளை நல்ல விலைக்கு விக்க வழி பண்றோம்" என்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுப் பெண்களை வைத்துப் பார்ப்போம்.

கானாவின் வடபகுதியில் ஷியா மரம் தானாகவே வளர்கிறது. நம்ம ஊர் இலுப்பைக்குச் சொந்தக்கார மரம்தான். காய்க்கவே பதினைந்து, இருபது வருடம் ஆகும். கீழே விழும் பழத்தைப் பெண்கள் விடியற்காலையில் பொறுக்கி, கொட்டையை வேகவைத்து, காயவைத்து, உடைத்துப் பருப்பு எடுக்கிறார்கள். பருப்பை வறுத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து பிசைந்துதான் வெண்ணெய் எடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். நம் உறுப்பினர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது முகத்துக்குப் பூசும் கிரீமுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் பெரும்பகுதி சாப்பாட்டுப் பொருளுக்கே போகிறது. ஐரோப்பாவில் 2003 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் தவிர ஷியா போன்ற வேறு சில கொழுப்புகளை நூற்றுக்கு 5 பங்கு வரை சேர்க்கலாம்.

அப்படியிருக்க, பொறுக்கிய பெண்ணுக்கு ஏன் காசு நிற்பதில்லை? பழம் விழும் மாதங்களில்தான் வீட்டில் தானியமும் தீர்ந்திருக்கும், அடுத்த அறுவடையும் வந்திருக்காது. கையில காசு இல்லை. கிண்ணம் கிண்ணமாக வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஈரம் போகாமல் பூஞ்சை பிடித்த பருப்புக்கு விலை இன்னும் குறையும்.

இங்கேதான் யுஎஸ்எய்டு வந்தது. இது அமெரிக்க அரசு 1961-ல் தொடங்கிய வளர்ச்சி உதவி நிறுவனம். கானாவின் தலைநகர் அக்ராவில் இதன் வர்த்தக மையம் இயங்கியது. வாங்கும் கம்பெனிகளையும் விற்பவர்களையும் சந்திக்க வைத்தது, தரம் பற்றிச் சொல்லிக் கொடுத்தது. 2011-ல் உலக ஷியா கூட்டமைப்பு உருவானது. அதில் பெண்கள் குழுக்களும் உண்டு, பெரிய கம்பெனிகளும் உண்டு. பிறகு பெண்கள் குழுக்களுக்குக் கிடங்கு கட்டவும் யுஎஸ்எய்டு பணம் தந்தது.

எங்களைக் கேட்டால் கிடங்குதான் பெரிய விஷயம். பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான். கிடங்கு இருந்தால்தான் "விலை ஏறட்டும், அப்புறம் தர்றோம்" என்று சொல்ல முடியும். ஆனால் அதுவரை அடுப்பு எரியணுமே? குழுச் சேமிப்பிலிருந்து ஒரு சின்னக் கடன் கிடைக்காவிட்டால், கிடங்கு காலியாகத்தான் கிடக்கும். இன்னொன்று, பருப்பாகவே கப்பலேறினால், எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் லாபம் வெளியூருக்கே போகிறது.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் வந்த புதிய அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. 2025 ஜூலை 1-ந்தேதி யுஎஸ்எய்டின் செயல்பாடு முடிந்தது. மிச்சமிருந்த வேலைகள் அந்நாட்டு வெளியுறவுத் துறைக்குப் போயின. கானாப் பெண்கள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவல்ல இது. இப்படி ஒரு திட்டம் நிற்கும்போது பயிற்றுநர் சம்பளம், வண்டிச் செலவு எல்லாம் நின்றுவிடும். கட்டிடமும், கணக்கு எழுதத் தெரிந்த பெண்ணும், வாங்குபவரின் போன் நம்பரும் குழுவிடமே இருக்கும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்: உங்கள் பொருளை இப்போது யார் யார் வாங்குகிறார்கள்? நம் கூட்டமைப்பின் உதவி ஆறு மாதம் இல்லையென்றால், அவர்களில் யாரிடம் நீங்களே நேரில் பேசி விற்க முடியும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் மூலம் எங்களுக்கு அனுப்புங்கள்.