புதுப் பொருளா இருந்தாலும் பார்த்துச் செருகுங்க!



இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு. "எங்க வீட்ல கம்ப்யூட்டரே இல்ல, எனக்கு எதுக்கு இது?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் சேமிப்பும் கடனும் எழுதிய கணக்கு யாரோ ஒருவர் வீட்டு லேப்டாப்பில் இருக்கலாம்.

நடந்தது என்ன?

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு கணக்காளர் சகோதரி, மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் 12 குழுக்களின் கணக்கை ஏற்றி வந்தார். கணக்கு முழுவதும் ஒரே பென்டிரைவில் இருந்தது. அவர் மகள் திருவிழாக் கடையில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கினாள். கூடவே பாட்டு ஏற்றிய மெமரி கார்டும் கொடுத்தார்கள். சார்ஜ் ஏற அதை லேப்டாப்பில் செருகினாள். திரையில் வந்த ஃபோல்டரைத் திறந்தும் பார்த்தாள்.

மறுநாள் பென்டிரைவைப் போட்டால், குழுப் பெயர் போட்ட ஃபோல்டர் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. கணக்கைக் காணோம். பதறிப்போய், யாரோ சொன்னார்கள் என்று பென்டிரைவை ஃபார்மட் செய்துவிட்டார். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கணக்கை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது என்பது பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பேரேட்டைப் பார்த்து மறுபடி ஏற்ற 11 நாள் ஆனது. வங்கி கேட்ட கணக்கு பிந்தியதால் 2 குழுக்களுக்கு ஆடிப் பட்டத்துக் கடனும் பிந்தியது. கூட்டத்தில் எல்லோரும் அந்தச் சகோதரியைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் கணக்கு ஏற்றச் சொன்ன நாங்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தவறு எங்களுடையதும்தான்.

புதுப் பொருளில் வைரஸ் எப்படி வரும்?

பாட்டுப் பெட்டி, கேமரா, போட்டோ காட்டும் சட்டம் போன்ற பல பொருள்களில் மெமரி இருக்கிறது. தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்க அவற்றைக் கம்ப்யூட்டரில் செருகுவார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் செருகிய பொருளில் எல்லாம் ஏறிவிடும். பெட்டி பிரிக்காத சீல் வைத்த பொருளிலும் இருக்கலாம். கடையில் பாட்டு ஏற்றும்போதும் தொற்றலாம்.

பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. 2006-ல் ஆப்பிள் கம்பெனி விற்ற வீடியோ ஐபாட்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் விண்டோஸ் வைரஸ் இருந்ததை அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் பெஸ்ட் பை கடை, தான் விற்ற ஒரு வகை டிஜிட்டல் போட்டோ சட்டத்தில் தயாரிப்பின்போதே வைரஸ் தொற்றியதாக அறிவித்து விற்பனையை நிறுத்தியது.

முன்பெல்லாம் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7 வந்த 2009-க்குப் பிறகு அந்த வசதியைக் குறைத்துவிட்டார்கள். இப்போது அது ஃபோல்டர் போலவும் போட்டோ போலவும் வேஷம் போட்டுக் காத்திருக்கிறது. நாம் கிளிக் செய்தால் வேலையைக் காட்டும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே நம்ம கோழிகளோடு விடுவோமா? சில நாள் தனியாக அடைத்துப் பார்த்துத்தானே விடுவோம்? இதுவும் அப்படித்தான்.

செய்ய வேண்டியவை

1. சார்ஜ் ஏற்றுவதற்குச் சுவர் பிளக்கைப் பயன்படுத்துங்கள். லேப்டாப் வேண்டாம்.

2. எதைச் செருகினாலும் உடனே திறக்காதீர்கள். அதன் படத்தின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி 'ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது, காசு கிடையாது. அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

3. பாட்டு, போட்டோ என்று சொல்லும் ஃபைலின் பெயர் 'டாட் இஎக்ஸ்இ' என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பாட்டும் இல்லை, போட்டோவும் இல்லை.

4. கீழே கிடந்த பென்டிரைவை "யாருதுன்னு பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

5. கணக்கு பென்டிரைவைக் கணக்குக்கு மட்டும் வையுங்கள். சிவப்பு நூல் கட்டி வைத்தால் பிள்ளைகளுக்கும் தெரியும்.

6. வாரம் ஒருமுறை இன்னொரு பென்டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிப் பெட்டியில் பூட்டுங்கள். பேரேடு எழுதுவதை நிறுத்தாதீர்கள். அந்த 12 குழுக்களைக் காப்பாற்றியது பேரேடுதான்.

வந்துவிட்டால்?

பதற வேண்டாம், ஃபார்மட் செய்ய வேண்டாம். செருகியதைக் கழற்றுங்கள், இன்டர்நெட்டை நிறுத்துங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி பாஸ்வேர்டு அடிக்காதீர்கள். முன்பு அடித்திருந்தால் வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றிவிடுங்கள். உடனே கூட்டமைப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுக் கணக்கு யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? வீட்டில் வேறு யாரெல்லாம் அதைத் தொடுகிறார்கள்?
• கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அது எங்கே இருக்கிறது?
• நகலுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கக் குழுப் பொதுச் செலவில் பணம் ஒதுக்கலாமா?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணக்காளரை மட்டும் பொறுப்பாக்கிவிட்டு ஒதுங்காதீர்கள். கணக்கு அவர் கையில் இருக்கலாம், பணம் நம் எல்லோருடையது.