கூலிச் சீட்டைப் படியுங்கள்

கான்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை. பிப்ரவரி மாதம் ஒரு நாள், தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கியது. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். 28 நாள் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார்.

வேலை இல்லை; கூலி இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அதற்குத்தான் ஈ.எஸ்.ஐ. திட்டம். இது 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 100 ரூபாய் கூலிக்குத் தொழிலாளி 75 காசு கட்டுகிறார். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். இது 2019 ஜூலையில் வந்த விகிதம்.

வேலையில் அடிபட்டால் கூலியில் 100-க்கு 90 பங்கு கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் அடிபட்ட நாள் நீங்கலாக, 3 நாளாவது வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும்.

எந்தக் கூலியைப் பார்ப்பார்கள்? ஆறு மாதச் சராசரியைப் பார்ப்பார்கள்.

ஜனவரி முதல் ஜூன் வரை அடிபட்டால், முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாங்கிய கூலி.
ஜூலை முதல் டிசம்பர் வரை அடிபட்டால், முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை வாங்கிய கூலி.

இந்தத் தொழிலாளியின் கணக்கு:

ஆறு மாதக் கூலி: 93,600 ரூபாய்
கூலி பெற்ற நாட்கள்: 156
ஒரு நாள் சராசரி: 93,600 ÷ 156 = 600 ரூபாய்
அதில் 100-க்கு 90 பங்கு: 540 ரூபாய்
ஒரு வாரத்துக்கு: 540 × 7 = 3,780 ரூபாய்
28 நாளுக்கு: 15,120 ரூபாய்

சில இடங்களில் கையில் 600 ரூபாய் கொடுப்பார்கள். பதிவேட்டில் 400 என்று எழுதுவார்கள். "பிடித்தம் குறையும், உனக்கு லாபம்தானே" என்பார்கள்.

அது லாபமா? பிடித்தம் நாளுக்கு ஒன்றரை ரூபாய்தான் குறையும். ஆனால் அடிபட்டால் நாளுக்கு 360 ரூபாய்தான் வரும். 180 ரூபாய் நட்டம். 28 நாளுக்கு 5,040 ரூபாய் நட்டம்.

கையில் வாங்கியது கணக்கில் வராது. எழுத்தில் இருப்பதே கணக்கில் வரும். எனவே கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். கூலியும் நாட்களும் சரியா என்று பாருங்கள். கூலிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். அடிபட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. ஒருவரின் ஆறு மாதக் கூலி 78,000 ரூபாய். கூலி பெற்ற நாட்கள் 156. அடிபட்டால் அவருக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?
2. உங்கள் கூலிச் சீட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறது? கையில் வாங்கியதும் அதுவும் ஒன்றா?